ஷவரில் தண்ணீர் நூலாய் விழுந்தால்: கொழும்பு வீடுகளுக்கான ஒரு வழிகாட்டி

கொழும்பில் புதிதாகக் குடியேறுபவர், குறிப்பாக வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ தொடர்மாடி ஒன்றின் உச்சி வீட்டை வாடகைக்கு எடுப்பவர், வீடு பார்க்கும் நாளில் குழாயைத் திறந்துதான் பார்ப்பார். ஆனால் அவர் திறப்பது பெரும்பாலும் கை கழுவும் பேசினின் குழாயாக இருக்கும். அது நன்றாகவே ஓடும். குடிபுகுந்த மறுநாள் காலையில், தலையில் ஷம்பூவைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஷவரில் தண்ணீர் நூல் நூலாக வடிவது தெரியவரும். பேசின் குழாய் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஷவரின் ரோஸ், அதாவது தண்ணீரைத் தூவும் துளைத் தலை, இரண்டு மீற்றருக்கும் மேலே இருக்கிறது. உச்சி வீட்டில் இடையிலுள்ள அந்த ஒரு மீற்றர்தான் பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கிறது.

இந்த முறைப்பாட்டோடு ஹாட்வெயார் கடைக்குப் போனால் முதலில் எடுத்து நீட்டப்படுவது பம்ப். நானும் ஒன்றை வாங்கினேன். அது இன்றுவரை பெட்டி பிரிக்கப்படாமல் அலுமாரியின் மேல் இருக்கிறது. பம்ப் கட்டாயம் தேவைப்படும் வீடுகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது கடைசியில் வரவேண்டிய செலவு. அதற்கு முன்னர் பார்க்க வேண்டியவற்றை, காசு செலவாகாதவற்றிலிருந்து தொடங்கி, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறேன். பத்து லீற்றர் வாளி ஒன்று, அளவுநாடா, ஸ்பேனர், பழைய பல்துலக்கி, ஒரு சுருள் திரெட் டேப், செக்கன் காட்டும் கடிகாரம் ஆகியவை போதும்.

முதற்படி: ஷவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

களனி கங்கையிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படும் நீரையும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வீதிக் குழாய்களின் வழியாக நகருக்கு அனுப்புகிறது. அந்த நீர் உங்கள் ஷவரை இரண்டு வழிகளில் வந்தடையலாம்: வீதிக் குழாயின் அமுக்கத்திலேயே நேரடியாக வரலாம், அல்லது கூரைமேல் உள்ள தாங்கியில் ஏறித் தேங்கி, பின்னர் தன் பாரத்தால் கீழிறங்கி வரலாம். ஒரே வீட்டில் சமையலறைக் குழாய் நேரடி நீரிலும் குளியலறை தாங்கி நீரிலும் ஓடுவது இங்கு சாதாரணம் என்பதால், சமையலறையை வைத்துக் குளியலறையைக் கணிக்க வேண்டாம்.

எது என்று அறிய, நீர்மானிக்கு அருகிலுள்ள அடைப்பு வால்வை முழுவதும் மூடிவிட்டு ஷவரைத் திறந்து விடுங்கள். ஓட்டம் சிறிது நேரத்தில் நின்றுபோனால் அது நேரடி நீர்; எப்போதும் போலவே ஓடிக்கொண்டிருந்தால் அது தாங்கி நீர். தொடர்மாடிகளில் இந்தச் சோதனை தேவைப்படாது. அங்கு நிலத்தடித் தொட்டியில் சேரும் நீரை மோட்டர் மொட்டைமாடித் தாங்கிகளுக்கு ஏற்றிவிட, எல்லா வீடுகளும் அவற்றிலிருந்தே பெறுவதுதான் வழமை.

நேரடி நீர் என்றால் உங்களால் செய்யக்கூடியவை சில மட்டுமே. அதிகாலை ஐந்து மணிக்கு, காலை ஏழரைக்கு, இரவு பதினொரு மணிக்கு என மூன்று தடவை ஓட்டத்தைப் பாருங்கள். ஊரே குளிக்கும் நேரத்தில் மட்டும் குறைகிறது என்றால் குறை உங்கள் வீட்டில் இல்லை, தாங்கி ஒன்றை வைத்து இரவில் நிரப்பிக்கொள்வதே தீர்வு. எந்த நேரத்திலும் குறைவாகவே இருக்கிறது என்றால் நீர்மானியருகே உள்ள வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர்மானியின் சிறு சக்கரம் அப்போதும் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழன்றால் எங்கோ கசிவு இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்து, அயல் வீட்டாரும் அதே குறையைச் சொன்னால், நீர்ப் பட்டியலில் உள்ள கணக்கு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.

எந்த நிலையிலும் வீதியிலிருந்து வரும் குழாயில் நேரே மோட்டரைப் பொருத்தி இழுக்காதீர்கள். அது அனுமதிக்கப்படாத செயல் என்பது ஒருபுறமிருக்க, அப்படி இழுக்கும்போது வீதிக் குழாயில் அமுக்கம் வெளியை விடக் குறைந்துபோனால், நிலத்துக்கடியில் உள்ள சிறு வெடிப்புகள் வழியாக வடிகான் நீர் உள்ளே உறிஞ்சப்படும். அதைக் குடிக்கப்போவது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இனி எழுதுவது பெரும்பாலும் தாங்கி நீரைப் பற்றியது.

இரண்டாம் படி: வாளியால் அளத்தல்

“பிரஷர் இல்லை” என்று நாம் சொல்லும் குறைக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, தாங்கி போதிய உயரத்தில் இல்லாததால் அமுக்கமே குறைவாக இருப்பது. மற்றது, அமுக்கம் போதுமானதாக இருந்தும் வழியில் ஏதோ ஒன்று ஓட்டத்தைத் தடுப்பது. முதலாவதற்கு உயரமோ பம்போ வேண்டும். இரண்டாவதற்கு ஸ்பேனர் வேண்டும். இரண்டையும் பிரித்தறியாமல் செலவு செய்பவர், பாதி மூடிய வால்வுக்குப் பின்னால் பம்பைப் பொருத்திவிட்டு, அது ஏன் இவ்வளவு இரைகிறது என்று வியந்துகொண்டிருப்பார்.

வாளியை ஷவரின் கீழே வைத்து, முழுவதும் திறந்து, பத்து லீற்றர் நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 60 செக்கன் என்றால் நிமிடத்துக்குப் பத்து லீற்றர். குறை சொல்ல ஒன்றுமில்லை. 100 செக்கன் என்றால் ஆறு லீற்றர், நிதானமாகக் குளிக்கலாம். 150 செக்கனைத் தாண்டினால் நீண்ட கூந்தலில் நுரை போகாது. இப்போது ரோஸைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயிலிருந்து அதே வாளியை மறுபடி நிரப்புங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் உங்கள் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது, குற்றவாளி ரோஸ்தான். பெரிதாக மாறவில்லை என்றால் பேசின் குழாயிலும், பிறகு கிடைக்கும் மிகத் தாழ்வான குழாயிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தாழ்வான குழாய் பாய்ந்து ஓட ஷவர் மட்டும் சோர்ந்தால் உயரக் குறைவை அல்லது ஷவருக்கு வரும் கிளையைச் சந்தேகியுங்கள். எல்லாமே சோர்ந்திருந்தால் தடை தாங்கிக்கு அருகில் இருக்கிறது.

மூன்றாம் படி: உயரக் கணக்கு

ஒரு மீற்றர் உயர நீர் கொடுக்கும் அமுக்கம் ஏறத்தாழ 0.1 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு). தாங்கி பெரிதா சிறிதா என்பது இதில் கணக்கே இல்லை. 500 லீற்றர் தாங்கியும் 2000 லீற்றர் தாங்கியும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒரே அமுக்கத்தையே தரும். பலர் பெரிய தாங்கி வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

உச்சி வீட்டில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தரையிலிருந்து கூரைக் கொங்கிறீற்று வரை மூன்று மீற்றர், ரோஸ் 2.1 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தாங்கி எந்த மேடையும் இல்லாமல் கொங்கிறீற்றிலேயே உட்கார்ந்திருந்தால், கொங்கிறீற்றின் தடிப்பையும் சேர்த்து, அதன் அடிக்கும் ரோஸுக்கும் இடையே ஒரு மீற்றரைச் சற்றே தாண்டும். தாங்கி நிரம்பியிருக்கும்போது நீரின் உயரமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், காலையில் முதலில் குளிப்பவருக்கு நன்றாகவும் கடைசியில் குளிப்பவருக்கு மோசமாகவும் இருக்கும். அப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் உங்கள் நோய் உயரக் குறைவுதான் என்று கொள்ளலாம். ஒரு மாடி கீழே இருப்பவருக்கு இன்னொரு மூன்று மீற்றர் கூடுதலாகக் கிடைப்பதால் அவர் இதைப் பற்றி நினைப்பதே இல்லை. இரண்டு மாடிக்குக் கீழே இருந்துகொண்டும் உங்கள் ஷவர் நூலாக விழுகிறது என்றால், உயரத்தை மறந்துவிட்டு அடைப்பைத் தேடுங்கள்.

நான்காம் படி: அடைப்பைத் தேடுதல்

ரோஸிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ரோஸின் துளை அடைத்தால் உடனே வினாகிரியைத் தேடுவார்கள். அங்கே சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வரும் கிணற்று நீர் கேத்திலில் கூட வெள்ளைப் படிவை விடுவதால் அந்தப் பழக்கம் சரியானதே. ஆனால் கொழும்பின் குழாய் நீர் பெரும்பாலும் ஆற்று நீர், மென்மையானது. இங்கு துளைகளை அடைப்பவை மணல், துருச் செதில், தாங்கியின் அடியில் படியும் சேறு ஆகியவையே. வினாகிரி மணலைக் கரைக்காது. ரோஸைக் கழற்றி, பின்பக்கத்து வலையையும் வோஷரையும் எடுத்து, பல்துலக்கியால் தேய்த்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். சில ரோஸ்களின் கழுத்தில் நீரைச் சேமிப்பதற்காகச் சிறு துளையுள்ள பிளாஸ்டிக் வில்லை ஒன்று செருகப்பட்டிருக்கும்; அது வீதிக் குழாயின் அமுக்கத்தை எண்ணிச் செய்யப்பட்டது, தாங்கி நீர் உள்ள வீட்டில் அதை எடுத்துவிடலாம். திரும்பப் பூட்டும்போது திரெட் டேப்பைப் புரி சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள்.

அடுத்து குளியலறைச் சுவரில் உள்ள அடைப்பு வால்வு. வண்ணம் பூச வந்தவர்களோ முன்பிருந்த வாடகையாளரோ அதைப் பாதி மூடியபடி விட்டுச் சென்றிருப்பது நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணமான காரணம். அதற்குப் பிறகு மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் குழுவிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள், ஏனெனில் அங்குள்ள ஒரு வால்வு நாலு வீட்டுக்கு உரியதாக இருக்கக்கூடும்.

என் கதை முடிந்தது அந்த மொட்டைமாடியில்தான். பம்பைப் பொருத்துவதற்காக நான் அழைத்த குழாய் பாஸ், ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்த நடுவயதுக்காரர், பெட்டியைப் பார்த்ததும், “ஐயா, இத இப்ப பிரிக்காதீங்க. மொதல்ல ஒரு வாளி தாங்க” என்றார். ஷவரில் பத்து லீற்றருக்கு 190 செக்கன் ஆனது. ரோஸைக் கழற்றியும் அதேதான். மேலே போய், தாங்கியின் வெளிவாய்க்கு அடுத்திருந்த பித்தளை கேட் வால்வின் சக்கரத்தை இடப்புறமாகத் திருப்பினார். அது கடைசிவரை திறந்தே இருந்தது. நான் அத்தோடு விட்டிருப்பேன். அவரோ வால்வுக்குப் பின்னால் இருந்த யூனியனை, அதாவது குழாயை வெட்டாமல் பிரிக்க உதவும் இணைப்பை, கழற்றி, அங்கேயே வாளியைப் பிடித்தார். நிரம்பிய தாங்கியிலிருந்து சுண்டுவிரல் தடிப்பில்தான் தண்ணீர் வந்தது. வால்வைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் காட்டியபோது விடயம் விளங்கியது: சக்கரத்தோடு தண்டு சுழல்கிறது, ஆனால் தண்டின் நுனியில் இருக்க வேண்டிய பித்தளைக் கதவு அரித்து அறுந்து, முக்கால்வாசி மூடிய நிலையிலேயே வாய்க்குள் சிக்கிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது திறந்த வால்வுதான். உள்ளே துளையிட்ட பந்து சுழன்று திறக்கும், நெம்பு கைப்பிடியுள்ள ‘போல் வால்வு’ ஒன்றைப் பூட்டியபின் அதே ஷவர் வாளியை 80 செக்கனில் நிரப்பியது. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அந்த வால்வின் விலை சொல்லத்தக்கதே அல்ல.

ஆகவே கேட் வால்வின் சக்கரத்தை நம்பாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் தண்ணீரை நம்புங்கள். போல் வால்வுக்கு மாற்றினால் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருக்கிறதா, குறுக்கே இருக்கிறதா என்பதிலிருந்தே நிலை தெரிந்துவிடும். மேலே ஏறியதோடு தாங்கியின் மூடியைத் திறந்து அடியையும் பாருங்கள். வெளிவாய்க்கான துளையை இடும்போது சுருண்டு விழுந்த பிளாஸ்டிக் சீவல்கள் அள்ளப்படாமல் கிடந்து, ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் இறங்கி, எல்போ வளைவுகளில் தங்குவதுண்டு.

தண்ணீர் வெட்டுக்குப் பிறகு தொடங்கிய குறை

தாங்கி ஒருமுறை முற்றாக வற்றி நிரம்பிய பின்னர்தான் ஷவர் மந்தமானது என்றால், குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கக்கூடும். குழாய் எங்காவது மேலேறி மீண்டும் இறங்கும் இடத்தில் காற்று குமிழாகத் தங்கி, தாங்கியின் சிறு அமுக்கத்தால் தள்ள முடியாத தடையாகிவிடுகிறது. ஷவரை மூடிவிட்டு, வீட்டிலேயே மிகத் தாழ்வான குழாயை முழுவதும் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். துப்பித் துப்பி வந்து சீரான பின் அடுத்த உயரத்துக் குழாயைத் திறவுங்கள். ஷவரைக் கடைசியில் திறவுங்கள். ஒவ்வொரு வெட்டின் பின்னும் இது திரும்பினால், தாங்கியின் வெளிவாய்க்கு அண்மையில் தாங்கியின் நீர்மட்டத்தை விட உயரமாகச் செல்லும் ஒரு காற்றுக் குழாயை நிறுத்தச் சொல்லுங்கள். அதன் மேல் நுனியில் வளைவு வைத்துக் கீழ்நோக்கித் திருப்பி, வலை கட்டிவிட வேண்டும்; கொழும்பு மழையும் நுளம்பும் உள்ளே போகக் கூடாது.

குழாயின் தடிப்பு

பழைய வீடுகளில் தாங்கியிலிருந்தே அரை அங்குலக் குழாயை இறக்கியிருப்பார்கள். அதே அளவு நீர் ஓடும்போது, அரை அங்குலக் குழாயில் உராய்வால் இழக்கப்படும் அமுக்கம் முக்கால் அங்குலக் குழாயில் இழக்கப்படுவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. வீதிக் குழாயின் அமுக்கத்தில் இது பெரிதாகத் தெரியாது, 0.1 பாரை மட்டும் வைத்துக்கொண்டு இயங்கும் உச்சி வீட்டில் இது உயிர்நாடி. தாங்கியிலிருந்து குளியலறை வாசல் வரை ஒரு அங்குலக் குழாயும், அங்கிருந்து ஷவர் வரை முக்கால் அங்குலமும், சுவருக்குள் உள்ள கடைசித் துண்டு மட்டும் அரை அங்குலமுமாக இருந்தால் நல்லது. சுவரை உடைக்காமலே வெளிப்புறமாக இறங்கும் நீண்ட பகுதியை மட்டும் மாற்றினாலும் பலனின் பெரும்பங்கு கிடைத்துவிடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் வாளிக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். “தண்ணீர் வருவதில்லை” என்பதை விட “பத்து லீற்றருக்கு மூன்று நிமிடம்” என்பது எளிதில் எடுபடும்.

சுடுநீர்க் கருவி உள்ள ஷவர்

உடனடிச் சுடுநீர்க் கருவி பூட்டிய வீடுகளில் இன்னொரு விடயம் இருக்கிறது. அந்தக் கருவிக்குள் குறிப்பிட்ட அளவு ஓட்டம் இருந்தால்தான் சூடாக்கி இயங்கும்; ஓட்டம் குறைவானால் தண்ணீர் குளிராகவே விழும், பழுது கருவியில் என்று எண்ணுவோம். கருவிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலையை, மின்சாரத்தை மூலச் சுவிட்சிலேயே நிறுத்திய பின், கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 3.5 கிலோவாற்றுக் கருவியொன்று தண்ணீரைப் பத்துப் பாகை செல்சியஸ் சூடாக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றரை மட்டுமே கொடுக்க முடியும். அமுக்கத்தைக் கூட்டி எட்டு லீற்றர் ஓடவிட்டால் தண்ணீர் ஆறிப்போகும். அது பம்பின் பிழையன்று, வெப்பத்தின் கணக்கு. 5.5 கிலோவாற்றுக் கருவி எட்டு லீற்றரைச் சமாளிக்கும், ஆனால் அது 24 அம்பியர் மின்னை இழுக்கும் என்பதால் தனி மின்சுற்றும் தடித்த வயரும் வேண்டும். அதை மின்னியலாளரிடம் விடுங்கள்.

உயரம்தான் குறை என்று தெளிவானால்

எளிய வழி, ரோஸை மாற்றுவது. பார்க்க அழகாக இருக்கிறது என்று எட்டு அங்குல மழை ரோஸை மாட்டினால், குறைந்த அமுக்கத்தில் தண்ணீர் அதன் ஓரத்தில் ஒன்றுசேர்ந்து ஒழுகும். துளைகள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் உள்ள சிறு ரோஸ் அதே நீரைக் கொண்டே உடலில் படும்படி செய்யும். கூரையை நோக்கி உயர்ந்திருக்கும் ரோஸை இருபது சென்ரிமீற்றர் இறக்குவதும் செலவில்லாத இலாபம்.

தாங்கியை உயர்த்துவது இரண்டாவது வழி. ரோஸுக்கு மேல் ஒரு மீற்றர் மட்டுமே உள்ள இடத்தில் இன்னொரு மீற்றர் உயர்த்தினால் அமுக்கம் இரட்டிக்கும், ஓட்டம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். ஆனால் 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் பாரம். மேடையை நான்கு செங்கல் அடுக்கிக் கட்டிவிடக் கூடாது, தூண்களும் வளைகளும் உள்ள இடமாகப் பார்த்துத் தகுதியானவர் சொல்கிறபடி கட்ட வேண்டும். தொடர்மாடியில் இது தனியொருவரின் முடிவும் அன்று.

கடைசியில், பம்ப்

ஒரு குளியலறைக்கு நூறு வாற்று அளவிலான சிறிய அமுக்கப் பம்பே போதும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அது எதைக்கொண்டு தானாக இயங்குகிறது என்பதே. ஓட்டத்தை உணர்ந்து இயங்கும் வகைக்கு, பம்ப் இல்லாமலே சிறிதளவு தண்ணீர் தானாக ஓட வேண்டும்; உச்சி வீட்டில் தாங்கியின் அடியும் ரோஸும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால் அந்தச் சிறு ஓட்டம் கூட இல்லாமல் பம்ப் விழிக்காது. அத்தகைய இடத்துக்கு அமுக்கம் குறைவதை உணர்ந்து இயங்கும் வகையே பொருந்தும். தாங்கி வற்றினால் தானாக நிற்கும் பாதுகாப்பும் இருக்க வேண்டும்.

பம்பைத் தாங்கியின் வெளிவாய்க்கு அருகில், தண்ணீரைத் தள்ளும் விதமாக வையுங்கள். குளியலறைக்குள் வைத்து இழுக்கவிடாதீர்கள். அதன் உள்வாய்க்கு வரும் குழாய், உள்வாயை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. இருபுறமும் யூனியனும் வால்வும் இருந்தால் பழுதுபார்க்கக் கழற்றுவது எளிது. மழை படாத மூடி, நிலத்தொடுப்பு, ட்ரிப் சுவிட்சின் பாதுகாப்புக்குள் வரும் இணைப்பு ஆகியவற்றில் சிக்கனம் வேண்டாம். பம்பைச் சுற்றி, ஒருவழி வால்வோடு ஒரு மாற்றுவழிக் குழாயையும் இடச் சொல்லுங்கள். 2022 இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, அந்தக் குழாய் இல்லாத வீடுகளில் தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும் ஷவர் வடியக்கூட இல்லை.

பொருத்தி முடிந்ததும் பாஸ் போவதற்கு முன்னரே வாளியை வைத்து அளந்து, திகதியையும் செக்கனையும் குளியலறை அலுமாரியின் கதவுக்கு உட்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ரோஸைக் கழுவும் நாளில் மீண்டும் அளக்கும்போது, எண் ஏறியிருந்தால் தேடலை ரோஸிலிருந்து மறுபடி தொடங்கலாம்.